பூசணிக்கும் கோழிக்கும் நடுவே ஒரு கிட்டார்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து இருபது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே நான் முதலில் பார்த்தது பதினொரு வெள்ளைப் பேருந்துகள். எதிலும் ஊர்ப்பெயர் இல்லை. முன்கண்ணாடியில் ஒரு கம்பெனியின் பெயரும் ஒரு எண்ணும் மட்டும். மாசிப் பனியில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்கள் ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தொழிற்பேட்டைக்கும் இதே நேரத்தில் இப்படித்தான் பேருந்துகள் வரும். அங்கே இறங்குகிறவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். இங்கே எல்லாரும் பக்கத்து ஊர்க்காரர்கள்.

என் தோளில் ஒரு கிட்டார் தொங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாது.

கிள்ளானில் நான் காலையில் சாப்பிடும் கடையில் ஸ்டீபன் தோசை வார்க்கிறான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள மணல்மேடு அவன் ஊர். மூன்று வருடமாகப் போகவில்லை. அவன் தங்கை மெர்சிதான் ஊர்க் கோவிலில், அதாவது சர்ச்சில், கிட்டார் வாசிப்பவள். கோவிலின் பழைய மரக் கிட்டார் கிறிஸ்துமஸ் அன்று கழுத்து முறிந்து போனது. மாசியில் அறுவடைப் பண்டிகை. அன்று மாலைப் பாட்டு நிகழ்ச்சியில் அவள் வாசித்தாக வேண்டும். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று நான் வாய்விட்ட மறுநாள், என் தோசையோடு ஒரு கறுப்புப் பையும் மேசைக்கு வந்தது. முப்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் நான். பதிலுக்குக் கேள்வி கேட்பது என் பழக்கம். ஸ்டீபனிடம் கேட்கவில்லை. என் முட்டை எவ்வளவு வேக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பையில் இருந்தது பயணத்துக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் என்று செய்த சின்ன மின்கிட்டார். கடல்பச்சை நிறம். உடம்பு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். விமானத்தில் தலைக்கு மேல் உள்ள அலமாரியில் ஒரு குழந்தையின் தொப்பிக்கும் என் பயணப் பைக்கும் நடுவில் சிரமமில்லாமல் படுத்து வந்தது.

"அங்கிள், நீங்கதான மலேசியா?"

திரும்பினேன். நீலச் சீருடை, அடையாள அட்டை, காதில் சின்ன சிலுவைத் தோடு. இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது.

"மெர்சி. அஞ்சு நாப்பதுக்கு வண்டி எட்த்துடுவாங்க. நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பையின் ஜிப்பைப் பாதி திறந்தாள். உள்ளே கையை விட்டு ஒரு கம்பியை மட்டும் தொட்டாள். மறுபடி மூடினாள்.

"குட்டியா கீது."

"எடுத்துக்கொண்டு போ."

"முடியாது அங்கிள். கேட்ல செக்கிங். டிபன் பாக்ஸையே தொறந்து பாப்பாங்க. அம்மாகிட்ட குட்த்துடுங்க. ஆனா அம்மாவ தொட வுடாதீங்க. ஒரல இடிக்கிற மாதிரி இடிக்கும்."

அவள் ஏறியதும் சன்னலோரப் பெண்கள் மூன்று பேர் என்னையும் பையையும் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சீட் பெல்ட் செய்யும் கம்பெனி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய ஓட்டலில் செட் தோசையும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டதுபோல் இருக்கிறது. உதிர்ந்த பிறகும் தன்னை வடை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பண்டம். இரண்டாவது முறை வாங்கினேன்.

"கல்வெட்டு பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை. இதைக் கொடுக்க."

"கல்வெட்டும் பாருங்க. எல்லாரும் பாக்கறாங்க." அவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். "கடைய வுட்டு எங்க போறது?" என்றார்.

மணல்மேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நடத்துநர் பையைத் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"கிட்டார்."

"கிட்டாருன்னா பெருசா இருக்குமே. இது கொயந்த போல கீது. கொயந்தைக்கு டிக்கெட் இல்ல. மடியில வச்சிக்கோங்க."

மூன்றாவது கிலோமீட்டரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தவில்லை; கதவை மட்டும் திறந்தார். ஆண்கள் எல்லாரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வைக்கோலை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு முதலில் யாராவது காவல்துறைக்குப் போன் செய்வார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். ஒரு பஸ் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் ஓட்டுநர் நுழைந்தார். நுழைந்தவர் நிற்கவில்லை.

கிட்டார் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. நான் சாலையில் நின்றேன்.

ஏழு பேர் ஓடினோம். என்னோடு ஓடியவர்களில் வேட்டி கட்டியவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். உள்ளே ஏறிப் பார்த்தபோது கிட்டார் ஒரு அம்மாளின் மடியில் இருந்தது. நிமிர்த்தி வைத்து, சாயாமல் ஒரு கையால் அணைத்திருந்தார். "கொயந்த அயுவல," என்று என்னிடம் கொடுத்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வயசானவரு எதுக்கு எறங்குனீங்க?" என்றார்.

மெர்சியின் அம்மா ராணி நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். பதினெட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி. அன்று அவர்கள் கடலைக் கொல்லையில் இருந்தார்கள். வரப்பில் நின்றபடியே பையைத் திறந்து பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு மாசமா போன் பண்ணிகினு இருந்தான்? ஒடம்பே இல்லியே. கறி இல்லாத கோயி மாதிரி கீது."

தொட வந்த கையை நான் தடுத்தேன். மகள் சொன்னதைச் சொன்னேன். குழு மொத்தமும் கேட்டுச் சிரித்தது. ராணியும்தான்.

மாலை ஏழரைக்கு மெர்சி வந்தாள். சீருடையை மாற்றாமல் தரையில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். இயர்போனைக் கிட்டாரிலேயே சொருகினாள். முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தாள். பிறகு அரைமணி நேரம் அவள் விரல்கள் ஓடின. வலது கை மேலும் கீழும் போனது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் கேட்டது.

இந்த ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். மரக் கிட்டாருக்கு வயிறு உண்டு. ஒலி அதற்குள் சுற்றிப் பெரிதாகி வெளியே வரும். மின்கிட்டாருக்கு வயிறு கிடையாது. கம்பி அதிர்வதை ஒரு காந்தம் பிடித்து ஒயரில் அனுப்புகிறது. ஒயரின் மறுமுனையில் காது இருந்தால் காதுக்குக் கேட்கும், ஒலிபெருக்கி இருந்தால் ஊருக்குக் கேட்கும். ஒன்றும் இல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்குக் கொசு பறக்கிற அளவுதான்.

ராணி மீன் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாடி இது, டிவில சவுண்ட கொறச்சிட்டு பாக்கற மாதிரி?"

மெர்சி ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். அந்தச் சின்னப் பச்சைத் தட்டிலிருந்து ஒரு பெரிய கூடம் நிறைய ஒலி வந்தது. எந்த இடத்தில் அவள் தடுமாறுகிறாள் என்பதும் தெரிந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில், ஒரே இடத்தில், நான்கு முறை.

"ஞாயித்துக்கெயமைக்குள்ள சரியாய்டும்," என்றாள். "இத்தன நாளு அட்டைல ஆறு கோடு போட்டு, பஸ்ல அதுலதான் வெரல் வச்சி பாத்துகினு இருந்தேன்."

அவள் அம்மா ஏரி விராலைச் சாறோடு என் சோற்றில் ஊற்றினார். கிள்ளானில் ஸ்டீபன் செய்யும் மீன் குழம்பு இதைப் போன்றதுதான், புளி மட்டும் குறைவு. அதை நான் சொன்னதும் ராணி, "அவன் எப்பவும் புளிக்கு பயப்படுவான்," என்றார். பிறகு இன்னொரு கரண்டி குழம்பை என் சோற்றில் ஊற்றினார்.

சனிக்கிழமை மெர்சிக்கு வேலை. மாலையில் உத்திரமேரூர் விடுதியிலிருந்து நான் மணல்மேட்டுக்குப் போனபோது ராணி ஒரு பிரச்சினையோடு காத்திருந்தார். இரவு எலி வந்து பையின் தோள்பட்டியைக் கடித்திருந்தது. "ஒயரு கியரு எல்லாத்தையும் கடிச்சிடும். கோவில் பீரோல வச்சிடலாம். இரும்பு பீரோ."

கோவில் சிறியது, வெள்ளையடித்தது, ஓட்டுக் கூரை. வாசலில் குமார் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய திருநீறு. உத்திரமேரூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். அம்மன் கோவில் ஆடித் திருவிழாவுக்கும் இவர்தான், அறுவடைப் பண்டிகைக்கும் இவர்தான். மரத்திலிருந்தபடியே பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஒயர் சொருவுற ஜாக்கு கீதா சார், சைடுல?"

"இருக்கிறது."

"அப்ப போதும். என் மிக்ஸர்ல சொருவுனா செய்யாத்துக்கு அந்தாண்ட கேக்கும்."

பீரோ இருந்த சின்ன அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். ராணி அங்குமிங்கும் பார்த்தார். மேடைப் படியின் இடது ஓரம், சுவரோடு ஒட்டிய இடம் காலியாக இருந்தது. எலி அங்கே வராது, இரவு முழுக்க விளக்கு எரியும் என்றார். பையைச் சுவரில் சாய்த்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டேன். ராணி தொடவில்லை, மகளின் சொல்படி. வைத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் டீசல் தீர்ந்தது. ஓட்டுநர் ஒரு காலிப் புட்டியோடு நடந்து போய்த் திரும்பி வரும்வரை, என்னோடு வந்த முப்பது தென்னங்கன்றுகளுக்கு நான் காவல் இருந்தேன். கோவிலுக்குள் நுழையும்போது ஒன்பதே முக்கால்.

மேடைப் படி தெரியவில்லை. முந்தைய நாள் காலியாக இருந்த இடமெல்லாம் படையல். நெற்கதிர்க் கட்டுகள், பதினான்கு பூசணி, இரண்டு வாழைத்தார், கடலை மூட்டை, கரும்பு, ஒரு தட்டு முட்டை, கால் கட்டிய ஆறு கோழிகள், ஒரு பிரஷர் குக்கர், ஒரு போர்வை. எல்லாவற்றிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. பெரிய பூசணிக்கும் ஒரு சிவப்புக் கோழிக்கும் நடுவில் என் கறுப்புப் பை நின்றது. வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு, கழுத்தில் கனகாம்பர மாலை போட்டிருந்தார்கள். சீட்டில் 23 என்று இருந்தது.

போதகர் கையை விரித்து நின்றார். "இந்த மேடையில் வைக்கப்பட்டிருக்கிற யாவையும், ஆண்டவரே, உமக்குச் சொந்தமாக ஏற்றுக்கொள்ளும்."

பாடகர் வரிசையில் மெர்சி கண்ணைத் திறந்தாள். அவளும் அப்போதுதான் பார்த்தாள் என்று முகத்தில் தெரிந்தது. அது பீரோவில் இருப்பதாகவே நினைத்திருந்தாள்; மாலையில்தான் வேலை என்பதால் காலையில் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஆமென்" என்றது கோவில். சிவப்புக் கோழியும் ஏதோ சொன்னது.

வெளியே வேப்பமரத்தடியில் ராணி எனக்கு விதியைச் சொன்னார். மேடையில் வைத்து ஜெபித்த பொருள் ஆண்டவருடையது. நாலு மணிக்கு ஏலம். வைத்தவர் கேட்கக் கூடாது. என்னுடையது என்று யாரும் வாய்திறக்கவும் கூடாது. சொன்னால் கொடுத்ததைப் பிடுங்கிய மாதிரி.

"தவறுதலாக வைத்தாலுமா?"

"போன வருஷம் போதகர் ஐயரோட மய கொடையே ஏலத்துல போச்சிண்ணா. மேடைல சாச்சி வச்சிட்டு அவரே ஜெபம் பண்ணாரு. வாயே தொறக்கல, பாவம்."

"யார் எடுத்தது?"

"நான்தான். வூட்ல மாட்டிகீது பாக்கலியா? மய பேஞ்சா வந்து கேட்டு வாங்கினு போவாரு."

போதகரிடம் நடந்ததைச் சொல்கிறேன், தப்பு என்னுடையது என்றேன். மெர்சி தலையை ஆட்டினாள்.

"வேணாம் அங்கிள். இதுவரிக்கும் இந்த ஊர்ல யாரும் திருப்பிக் கேட்டதில்ல. எங்க வூட்லருந்து ஆரம்பிக்கக் கூடாது. நான் ஏலத்துல கேக்கறேன். நான் வைக்கலியே."

"எதை வைத்துக் கேட்பாய்?"

பணம் இல்லாதவர்கள் பொருளாகவும் கேட்கலாம் என்றாள். ராணி அவளைப் பார்த்தார். "சாம்பல் கோயிதான் கீது. முட்ட வுட்டுகினு கீது," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பந்தியில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். என் பக்கத்தில் தேவசகாயம் உட்கார்ந்தார். இதே ஊரில் பிறந்து செங்கல்பட்டில் நான்கு லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு அறுவடைப் பண்டிகைக்கும் வந்து, பார்க்கிற பொருளையெல்லாம் விலை ஏற்றிவிட்டுப் போவார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். மலேசியாவில் லாரி டயர் என்ன விலை என்று விசாரித்தார். பிறகு உள்ளே மேடையைக் கையால் காட்டினார்.

"அந்தக் கறுப்புப் பையில இன்னாங்க? ஏர்போர்ட் சீட்டு தொங்குது. ஃபாரின் சரக்கா?"

"கிட்டார் என்றுதான் நினைக்கிறேன்."

"நம்ம வூட்டு பாப்பா ரொம்ப நாளா கேட்டுகினு கீது," என்றார். எலும்பை உறிஞ்சி இலையில் வைத்தார். "வுடக் கூடாது."

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

நாலு மணிக்கு ரேஷன் கடையில் எடை போடும் சாலமன் ஏலம் தொடங்கினார். நான் பார்த்த ஏலங்களில் இவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, அது மூன்று முறை விற்றது. சாலமன் எதையும் சோதிக்காமல் விற்கவில்லை. பூசணியைக் காதருகே தட்டினார். குக்கரை மூடித் திறந்தார். கோழியின் கட்டை அவிழ்த்து இறக்கையை அடிக்க விட்டார். தேவசகாயம் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, யார் எதைக் கேட்டாலும் அதற்கு மேல் கேட்டார். வாழைத்தார் இரண்டும் அவருக்கே போயின.

"இருவத்தி மூணு," என்றார் சாலமன். "பை. உள்ள ஏதோ கீது."

"ஒரு கோயி," என்றாள் மெர்சி.

"ரெண்டு கோயி," என்றார் தேவசகாயம்.

கோவில் திரும்பிப் பார்த்தது. மெர்சி அம்மாவைப் பார்த்தாள். ராணி உதட்டை அழுத்திக்கொண்டு தலையை அசைத்தார். வீட்டில் இன்னொரு கோழி இல்லை. ஆனால் கிட்டார் யாருக்காக வந்தது என்று அவர் சொல்லவில்லை. பாடகர் வரிசைக்கு அது தெரியும். அவர்களும் சொல்லவில்லை.

"ரெண்டு கோயியும் ஒரு மரக்கா கடலையும்," என்றாள் மெர்சி. இன்னொரு கோழியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

"ஆடு," என்றார் தேவசகாயம்.

சிரிப்பு நின்றது. சாலமன் தொண்டையைக் கனைத்தார். "ஆடு, ஒரு தரம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ராணியின் குழுவில் ஒருத்தி. "பொருள காட்டாம இன்னா ஏலம்? கோயியவே பறக்க வுட்டு பாத்த இல்ல?"

"நாயம்தான்," என்றார் சாலமன். ஜிப்பைத் திறந்தார். பச்சைக் கிட்டார் வெளியே வந்தது. அவர் அதைப் பூசணி போலத் தட்டினார். சத்தம் வரவில்லை. "யாருக்கு வாசிக்கத் தெரியும்?"

ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மெர்சி மேடைக்குப் போனாள். கிட்டாரை வாங்கி ஒவ்வொரு கம்பியாகக் காதை வைத்துச் சுருதி பார்த்தாள். பிறகு மாலையில் பாட வேண்டிய இரண்டாவது பாட்டை வாசித்தாள். நான் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தேன். பாவனை எதுவும் இல்லை. கம்பிகள் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. மணிக்கட்டு முழு வேகத்தில் இறங்கியது. வெள்ளிக்கிழமை நான்கு முறை தடுமாறிய இடத்தை இப்போது அவள் விரல்கள் தாண்டிப் போவதைப் பார்த்தேன். சத்தம்தான் இல்லை. மின்விசிறி அதைவிடச் சத்தமாக ஓடியது. கோழிகள் பேசிக்கொண்டிருந்தன.

தேவசகாயம் எழுந்து போய்க் குனிந்து காதை வைத்தார்.

"இன்னாம்மா, வாசிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?"

"வாசிக்கறேன்."

அவர் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நின்ற குமாரைப் பார்த்தார். "ஏம்ப்பா, உன் தொழிலாச்சே. இது வேல செய்யுதா?"

குமார் ஒரு ஒயரை நிதானமாகக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "நீங்களே கேட்டீங்களே நைனா."

தேவசகாயத்தின் பார்வை அடுத்து என்மேல் நின்றது. ஏர்போர்ட் சீட்டு தொங்கும் பையையும் மலேசியாக்காரனையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு நொடி போதும். முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியிருக்கிறேன். அன்று குனிந்து என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"ஷோக்கேசுல வைக்கிற அயிட்டம்பா," என்றார் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து. "ஆட்ட நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

மூன்றாம் தரத்துக்கு முன் வாபஸ் வாங்கலாம் என்பதும் விதி. "அப்ப முதல்லருந்து. யாரு கேக்கறது?" என்றார் சாலமன்.

"ஒரு கோயி," என்றாள் மெர்சி.

ஒரு தரம். ரெண்டு தரம். சாலமன் அவசரப்படவே இல்லை. மூணு தரம்.

பாட்டு நிகழ்ச்சி ஐந்தரைக்கு. ஆறு பேர் பாட நின்றார்கள். மெர்சி கிட்டாரை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். குமார் மேசைக்குப் பின்னாலிருந்து வந்து, கையில் சுற்றியிருந்த ஒயரை அவிழ்த்து ஒரு முனையைக் கிட்டாரின் பக்கவாட்டில் சொருகினார். திரும்பிப் போய் ஒரு குமிழைத் திருகினார்.

முதல் அடி புளியமரத்திலிருந்து வந்தது. கட்டிப்போட்ட கோழிகள் ஒன்றாகத் துள்ளின. வெளியே சோற்று அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்கள். கோவிலுக்குள் ஒரு குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. அடுத்த அடியில் ஆறு குரலும் சேர்ந்துகொண்டன. கைதட்டல் பின்வரிசையில், ராணியின் குழு உட்கார்ந்திருந்த இடத்தில் தொடங்கி முன்னால் வந்தது.

தேவசகாயம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முதல் பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு குமாரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"துரோகி."

"ஒயர பத்தி நீங்க கேக்கவே இல்லியே நைனா."

"சாலமன், ஏலத்த திரும்ப வை."

"மூணு தரம் சொல்லியாச்சி. அரிசிய எட போட்டுட்டு திருப்பி வாங்குவனா?"

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் தன் குடையை எடுத்த ராணியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஊமை பேசுது. சந்தோஷப்படுங்க சகோதரரே," என்றார். தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் ஊர் சிரித்தது. பாப்பாவுக்கு எந்தக் கடையில் இது கிடைக்கும் என்று என்னிடம் பெயர் எழுதி வாங்கிக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேனே," என்றார். சொல்லக் கூடாது என்பதால்தான் சொல்லவில்லை என்றேன். "அதுவும் சரிதான்," என்றார்.

மெர்சி இரண்டாவது பாட்டையும் வாசித்தாள். நடுவில் அந்த இடம் வந்தது. தாண்டினாள். ராணி இடுப்பில் கை வைத்து மேடைக்குக் கீழே நின்றிருந்தார்.

"இவ்ளோ சத்தத்தயும் காதுக்குள்ளயேவா வச்சிகினு இருந்த?" என்றார்.

பிறகு என்னிடம் வந்த மெர்சி மெதுவாகச் சொன்னாள்: "நான் நெசமாவே வாசிச்சேன் அங்கிள். பொய்யா வாசிக்கல."

"பார்த்தேன்."

பாட்டு முடிந்ததும், கிட்டாருக்கு விலையாக மெர்சி கொடுத்த சாம்பல் கோழி கடைசியாக ஏலத்துக்கு வந்தது. வைத்தவர் கேட்கக் கூடாது என்பதால் ராணியும் மெர்சியும் வாயைத் திறக்கவில்லை. தேவசகாயம் கேட்டார்: "ஆடு." எதிராக யாரும் கேட்கவில்லை. மூன்று தரம் முடிந்ததும் அவர் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்து ராணியின் கையில் கொடுத்தார். "என் கோயி. உங்க வூட்ல வளரட்டும். அடுத்த வருஷம் வந்து பாப்பேன்."

திங்கட்கிழமை காலை ஐந்து இருபதுக்கு மறுபடி உத்திரமேரூரில் இருந்தேன். அதே பதினொரு பேருந்துகள். மெர்சி தோளில் பையோடு வந்தாள். எலி கடித்த பட்டியில் கனகாம்பர நாரால் ஒரு முடிச்சு. கேட்டுக்குள் எடுத்துப் போக முடியாதே என்றேன். வண்டிக்காரர் பகல் முழுக்கப் பேருந்திலேயே படுத்திருப்பார், தன் தலைமாட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்றாள். சன்னலோரப் பெண்கள் மூன்று பேரும் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

என் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே உப்பும் மிளகும் தூவிய ஒரு வேகவைத்த முட்டை.

"சாம்பல் கோயி வுட்டது. அம்மா குட்க்கச் சொன்னாங்க. அண்ணன்கிட்ட சொல்லுங்க, புளி கொஞ்சம் அதிகமா போட சொல்லி."

ஏறிப்போய் உட்கார்ந்தாள். பை அவள் மடியில் சரியாக அடங்கியது. இயர்போன் ஒன்று அவள் காதில், இன்னொன்று பக்கத்தில் இருந்த பெண்ணின் காதில். முன்னிருக்கைப் பெண் திரும்பி உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தாள்.

பேருந்து ஐந்து நாற்பத்து மூன்றுக்குக் கிளம்பியது.